தமிழ் அட்டவணையை வெறும் எழுத்தில் எழுதி பேண்டாக் வழியே அச்சுக்குக் கொண்டுபோவது: முழுமையான வழிகாட்டி

பொங்கல் விழாச் செலவுக் கணக்கு, துணைப்பாட வகுப்பு அட்டவணை, தொண்டூழியர் பணிப் பட்டியல் என்று சிங்கப்பூரில் ஏற்பாட்டுக் குழுக்களில் ஓயாமல் அட்டவணை போட வேண்டியிருக்கிறது. அவற்றை வெறும் எழுத்துக் கோப்பாக எழுதி, பேண்டாக் என்ற கட்டளைவரி மென்பொருளிடம் கொடுத்தால் ஒரே மூலத்திலிருந்து பிடிஎஃப், வேர்டு, வலைப்பக்கம் மூன்றும் கிடைக்கும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில். ஒன்று, நெடுவரிசைகளை இடைவெளி தட்டி நேராக்கப் பார்ப்பது. இன்னொன்று, எழுத்துருவை முடிவு செய்யாமல் அட்டவணை முழுவதையும் எழுதிவிடுவது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த இரண்டையும் தவிர்ப்பதற்காக அமைந்தது. வரிசையை மாற்ற வேண்டாம்.

கட்டளைச் சொற்களைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

## 1. முன்கூட்டியே வேண்டியவை

நான்கு பொருள்கள் வேண்டும்: பேண்டாக், டெக் அச்சுக்கோப்பு மென்பொருள், ஒரு தமிழ் எழுத்துரு, ஓர் எளிய எடிட்டர்.

பேண்டாக் மட்டும் நிறுவினால் வேர்டு கோப்பும் வலைப்பக்கமும் வரும், பிடிஎஃப் வராது. பிடிஎஃப் உருவாக்கும் வேலையைப் பேண்டாக் இன்னொரு மென்பொருளிடம் ஒப்படைக்கிறது என்பதே காரணம். டெக் மென்பொருளின் டெக்லைவ் முழுத்தொகுப்பு சில ஜிகாபைட் அளவுக்கு வரும். மடிக்கணினியில் இடம் குறைவென்றால் டைனிடெக் அல்லது மிக்டெக் போதும். தேவைப்படும் துணைத்தொகுப்புகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நல்ல தேர்வு. இலவசம், தடித்த வடிவமும் உண்டு. ஆனால் நோட்டோ தமிழின் சில பதிப்புகளில் ஆங்கில எழுத்துகள் கிடையாது. நம் அட்டவணைகளில் தமிழோடு எம்ஆர்டி நிலையப் பெயர், மின்னஞ்சல், வீட்டு எண் எல்லாம் கலந்தே வரும். அதனால் படி 3-இல் உள்ள சோதனையைத் தவறவிடாதீர்கள்.

எடிட்டர் எதுவானாலும் சரி, கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்க வேண்டும். வேர்டில் அட்டவணையைத் தட்டி ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கைத்தொலைபேசிக் குறிப்புச் செயலியும் வேண்டாம். இரண்டு சிறு கோடுகளைத் தட்டினால் அவை தாமாகவே ஒரு நீளக் கோடாக மாற்றிவிடும். அந்த நீளக் கோட்டைப் பேண்டாக் அட்டவணைக் கோடாக ஏற்காது.

## 2. எந்த வகை அட்டவணை என்று முடிவு செய்தல்

பேண்டாக்கின் மார்க்டவுனில் (வெறும் எழுத்தில் குறிகளை இட்டு வடிவம் சொல்லும் முறை) அட்டவணை எழுத நான்கு முறைகள் உண்டு: எளிய அட்டவணை, பலவரி அட்டவணை, கட்ட அட்டவணை, பைப் அட்டவணை. தமிழில் எழுதுபவர்கள் பைப் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு முடிவு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதல் மூன்று முறைகளிலும் எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் நெடுவரிசை பிரிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஓர் இடம் என்பதால் அது நடக்கும். தமிழில் நடக்காது.

‘சிங்கப்பூர்’ என்ற சொல்லையே பாருங்கள். கண்ணுக்கு சி, ங், க, ப், பூ, ர் என்று 6 எழுத்து. ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 11 குறி. டெர்மினலிலோ புள்ளிக்கு இடம் ஒதுக்குவதில்லை. இகர, ஊகாரக் குறிகளுக்கு மட்டும் தனி இடம் கொடுத்தால் 8 இடம் வருகிறது. 6, 8, 11 மூன்றுமே அதனதன் கணக்கில் சரி. அதனால்தான் எடிட்டரில் நேராகத் தெரியும் கோடு டெர்மினலில் வளைகிறது, நண்பரின் கணினியில் வேறு விதமாக வளைகிறது.

பைப் அட்டவணையில் இந்தச் சிக்கல் இல்லை. நெட்டைக்கோடு (|) எங்கே இருக்கிறதோ அங்கே கட்டம் முடிகிறது. அதற்கு முன்னால் எத்தனை இடைவெளி விட்டாலும் பொருட்டில்லை. மூலக்கோப்பில் அட்டவணை கோணலாகத் தெரிந்தால் அப்படியே விடுங்கள். அச்சில் நேராக வரும்.

ஒரு குறை உண்டு: பைப் அட்டவணையில் கட்டங்களை இணைக்க முடியாது. இரண்டு நெடுவரிசைக்குப் பொதுவான ஒரு தலைப்பு கட்டாயம் வேண்டுமென்றால், பேண்டாக்கின் புதிய பதிப்புகளில் கட்ட அட்டவணை அதைச் செய்யும். ஆனால் மேலே சொன்ன கோணல் தொல்லையும் கூடவே வரும். பெரும்பாலான கணக்குகளில் தலைப்பைச் சற்று மாற்றி எழுதினாலே இணைப்பு தேவைப்படாது.

## 3. ஒரு வரியை வைத்து எழுத்துருவைச் சோதித்தல்

அட்டவணையைத் தொடங்குமுன் ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதில் ‘கொக்கு, கெண்டை, கைவினை, ஸ்ரீ’ போன்ற சொற்கள், சில எண்கள், வெள்ளிக் குறி ($), ஓர் ஆங்கிலச் சொல் எல்லாம் இருக்கட்டும். அதை பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். கட்டளையின் சாரம் இதுதான்:

    பேண்டாக் சோதனை.எம்டி -ஓ சோதனை.பிடிஎஃப்

இப்படியே விட்டால் தமிழுக்கு வேலை செய்யாது. பேண்டாக் தானாக எடுத்துக்கொள்ளும் பிடிஎஃப்லாடெக் என்ற எஞ்சின் தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். எனவே நான்கு அமைப்புகளைச் சேர்க்க வேண்டும்.

முதலாவது, பிடிஎஃப்-எஞ்சின் என்ற விருப்பத்துக்கு ஸீலாடெக் என்று கொடுங்கள். எக்ஸ், இ என்ற இரு எழுத்துகளை லாடெக்ஸ் என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டித் தட்ட வேண்டும். கணினியில் நிறுவிய எழுத்துருக்களை நேரடியாகப் பயன்படுத்த இந்த எஞ்சினால் முடியும்.

இரண்டாவது, மெயின்ஃபாண்ட் என்ற மாறிக்குத் தமிழ் எழுத்துருவின் முழுப்பெயர். பெயரில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மெயின்ஃபாண்ட்ஆப்ஷன்ஸ் என்ற மாறிக்கு ‘ஸ்கிரிப்ட் = தமிழ்’ என்று, இரண்டு சொல்லுக்கும் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக வைத்து, நடுவில் இடைவெளி இல்லாமல் கொடுங்கள். இது இல்லாவிட்டால் எழுத்துரு இருந்தும் தமிழ் எழுத்து வரிசை தெரியாமல் போகும். ‘கெ’ என்பதில் கொம்பு மெய்க்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அச்சில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறிக் கிடந்தால் எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இந்த அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது, பேப்பர்சைஸ் என்ற மாறிக்கு ஏ4. சொல்லாவிட்டால் அமெரிக்க லெட்டர் தாளை மனத்தில் வைத்துப் பக்கம் அமையும். இங்கே அச்சகங்களிலும் சமூக மன்ற அச்சுப்பொறிகளிலும் இருப்பது ஏ4 தாள்.

மாறிகளைக் கொடுக்கும் விருப்பம் பெரிய எழுத்து வி. சிறிய எழுத்தில் தட்டினால் பேண்டாக் தன் பதிப்பு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பிடிஎஃப் வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை என்று குழம்புபவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள்.

இப்போது பிடிஎஃப்பைத் திறந்து அந்த ஒரு வரியைப் படியுங்கள். எழுத்து இல்லாமல் இடம் காலியாக இருந்தால் டெர்மினலைப் பாருங்கள். இந்த எழுத்து இந்த எழுத்துருவில் இல்லை என்ற எச்சரிக்கை வந்திருக்கும். எச்சரிக்கை வந்தாலும் பிடிஎஃப் உருவாகிவிடுவதால் பலர் அதைப் படிப்பதில்லை. ஆங்கிலச் சொல் மட்டும் மறைந்திருந்தால், ஆங்கில எழுத்தும் சேர்ந்த எழுத்துருப் பதிப்பை நிறுவுங்கள்.

எல்லாம் சரியானதும் இந்த அமைப்புகளை டிஃபால்ட்ஸ் கோப்பு ஒன்றில் எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அரை முழ நீளக் கட்டளையைத் தட்டினால் எங்காவது ஒரு மேற்கோள் குறி விடுபடும். அந்தக் கோப்பில் உள்தள்ளலுக்கு இடைவெளி மட்டுமே பயன்படுத்துங்கள், டேப் விசை கூடாது.

## 4. கோட்டு வரியை முதலில் எழுதுதல்

பைப் அட்டவணையின் உயிர் அதன் இரண்டாவது வரியில் இருக்கிறது. எத்தனை நெடுவரிசை, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கும், அகலம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அதுதான் சொல்கிறது. தரவைத் தட்டத் தொடங்குமுன் தலைப்பு வரியையும் கோட்டு வரியையும் எழுதி முடியுங்கள்.

மாதிரிக்கு ஒரு பொங்கல் விழாச் சமையல் கணக்கு. விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்:

    | பொருள் | அளவு | விலை, வெள்ளி |
    |:-----------|:---------:|-----------:|
    | பச்சரிசி | 10 கிலோ | 28.00 |
    | வெல்லம் | 4 கிலோ | 14.40 |
    | கரும்பு | 6 | 30.00 |
    | வாழை இலை | 50 | 22.50 |
    | பொருள் சேவை வரி 9% | | 8.54 |
    | **மொத்தம்** | | 103.44 |

    : பொங்கல் விழா, சமையல் பொருள் செலவு

இங்கே அட்டவணை தெளிவாகத் தெரிவதற்காக உள்தள்ளிக் காட்டியிருக்கிறோம். உங்கள் கோப்பில் வரிகள் இடது ஓரத்திலேயே தொடங்க வேண்டும். நான்கு இடைவெளி உள்ளே தள்ளினால் பேண்டாக் அதை நிரல்வரி என்று எடுத்துக்கொண்டு, நெட்டைக்கோடுகளோடு அப்படியே அச்சிட்டுவிடும்.

கோட்டின் இடது முனையில் முக்காற்புள்ளி இருந்தால் இடப்பக்கம் ஒட்டும். வலது முனையில் இருந்தால் வலப்பக்கம். இரண்டு முனையிலும் இருந்தால் நடுவில் நிற்கும். பெயர்களை இடப்பக்கமும் தொகைகளை வலப்பக்கமும் வையுங்கள். தொகையை நடுவில் வைத்தால் 8.54-உம் 103.44-உம் ஒன்றின்கீழ் ஒன்று நிற்காது. கணக்குப் பார்ப்பவர் ஒவ்வொரு வரியிலும் கண்ணை நகர்த்த வேண்டியிருக்கும்.

பேண்டாக்கில் தசமப் புள்ளியை வைத்து நேராக்கும் வசதி இல்லை. அந்த வேலையை வலப்பக்க ஒட்டுதான் செய்ய வேண்டும். அதற்கு எல்லாத் தொகையிலும் காசு இரண்டு இலக்கமாக இருப்பது அவசியம். 14.4 என்று ஒரு வரியில் விட்டால் அந்த வரியின் புள்ளி மட்டும் தள்ளிப்போகும். மொத்தத் தொகையைத் தடித்த எழுத்தில் போடுவதையும் தவிர்ப்பது நல்லது. பல எழுத்துருக்களில் தடித்த இலக்கம் சற்று அகலம் என்பதால் புள்ளி இம்மியளவு விலகும். ‘மொத்தம்’ என்ற சொல்லைத் தடிமனாக்கினால் போதும், மேலே அப்படித்தான் செய்திருக்கிறோம்.

பேண்டாக் கூட்டல் செய்யாது. நான்கு பொருளின் கூட்டுத்தொகை 94.90, அதில் 9 விழுக்காடு 8.541, அதை 8.54 ஆக்கினால் மொத்தம் 103.44. இதைக் கணக்கிட்டு முடித்த பிறகே அட்டவணைக்குள் கொண்டுவாருங்கள். ஒரு விலை மாறினால் பொருள் சேவை வரியும் மொத்தமும் தாமாக மாறாது என்பது நினைவிருக்கட்டும்.

## 5. தரவை நிரப்புதல்

மூன்று வரி நிரப்பியதும் நிறுத்தி ஒரு முறை பிடிஎஃப் ஆக்குங்கள். நாற்பது வரி எழுதிய பிறகு பிழை வந்தால் எந்த வரியில் என்று தேடுவது பெரும்பாடு. மூன்று வரியில் வந்தால் கண்ணிலேயே தெரிந்துவிடும்.

அட்டவணைக்கு மேலே ஒரு வெற்று வரி. முந்தைய பத்தியை ஒட்டியே அட்டவணையைத் தொடங்கினால் பேண்டாக் அதைப் பத்தியின் தொடர்ச்சியாகப் படிக்கும். அச்சில் நெட்டைக்கோடுகளும் எண்களும் ஒரே வரியில் கலந்து ஓடும். புதியவர்கள் செய்யும் பிழைகளில் அடிக்கடி காண்பது இதுதான்.

கட்டத்துக்குள் நெட்டைக்கோடு. ‘தேக்கா | பூகிஸ்’ என்று இரண்டு இடங்களைக் கோடு போட்டுப் பிரித்து எழுதுவார்கள். பேண்டாக்குக்கு அது புதிய கட்டம். அந்த வரியில் கட்டங்கள் ஒன்று கூடிவிடும், தலைப்பில் உள்ளதைவிட மிகுதியானது சத்தமில்லாமல் வெட்டப்படும். எச்சரிக்கை எதுவும் வராது. கடைசி நெடுவரிசையில் இருந்த தொகை காணாமல் போனதே தெரியாமல் தாள் அச்சுக்குப் போய்விடும். கோட்டுக்கு முன்னால் பின்சாய்வுக் குறி இட்டு \| என்று எழுதுங்கள். அதைவிட, சாய்கோடோ காற்புள்ளியோ போடுவது எளிது.

வெள்ளிக் குறி. மார்க்டவுனில் இரண்டு வெள்ளிக் குறிகளுக்கு நடுவே இருப்பதைக் கணிதச் சமன்பாடாகப் படிக்கும் வழக்கம் உண்டு. எல்லா இடத்திலும் அப்படி ஆகாது. ஆனால் ஆகும்போது எழுத்து சாய்ந்து, சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி மறைந்துபோகும். \$ என்று பின்சாய்வோடு எழுதினால் பயமில்லை. தலைப்பில் ஒரே முறை ‘வெள்ளி’ என்று எழுதிவிட்டு, கட்டங்களில் எண் மட்டும் வைத்தால் குறியே தேவைப்படாது. அட்டவணையும் சுத்தமாக இருக்கும்.

வேறு விசைப்பலகையின் நெட்டைக்கோடு. சீனமும் தமிழும் ஒரே கணினியில் தட்டப்படும் அலுவலகங்களில் இது நடக்கும். சீன உள்ளீட்டு முறை முழு அகல நிலையில் இருந்தால் வரும் கோடு ｜ என்று இருபுறமும் இடம் விட்டு நிற்கும். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது வேறு குறி. ஒரு வரி மட்டும் கட்டங்களாகப் பிரியாமல் போனால், அந்த வரியின் கோடுகளை அழித்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

கட்டத்துக்குள் வரி முறிப்பு. பைப் அட்டவணையில் ஒரு வரிசை மூலக்கோப்பிலும் ஒரே வரியில் இருந்தாக வேண்டும். நடுவில் என்டர் தட்டக் கூடாது. கட்டத்துக்குள் பட்டியலும் போட முடியாது. இரண்டு செய்தி இருந்தால் இரண்டு வரிசையாக எழுதி, இரண்டாவதில் முதல் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

## 6. அகலத்தைக் கட்டுப்படுத்துதல்

இங்கேதான் தமிழ் எழுதுபவர்களுக்குக் காரணம் புரியாத மாற்றங்கள் வரும். நேற்று வரை கச்சிதமாக இருந்த அட்டவணை, ஒரு வரி சேர்த்ததும் பக்கம் முழுக்க விரிந்துவிடும்.

காரணம் இது. எல்லா வரிகளும் 72 குறிக்குள் இருந்தால், உள்ளடக்கத்துக்கு ஏற்ற அகலத்தை நெடுவரிசைகள் எடுத்துக்கொள்ளும். நீண்ட கட்டமும் மடியாது. ஏதேனும் ஒரு வரி 72-ஐத் தாண்டினால் அட்டவணை பக்க அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அப்போது நெடுவரிசைகளின் அகலம் கோட்டு வரியிலுள்ள சிறு கோடுகளின் எண்ணிக்கை விகிதப்படி பிரிக்கப்படும், சொற்கள் கட்டத்துக்குள் மடிந்து இறங்கும்.

72 என்பது நாம் காணும் எழுத்தின் கணக்கு இல்லை. ‘சிங்கப்பூர்’ 11 என்று பார்த்தோமல்லவா, அந்தக் கணக்கு. ஆகவே தமிழ் வரி கண்ணுக்கு நாற்பது எழுத்தாகத் தெரியும்போதே எல்லையைத் தொட்டுவிடும்.

எனவே ஒரு கட்டத்திலாவது நீண்ட வாசகம் வரும் என்று தெரிந்தால், கோடுகளை முதலிலேயே விகிதம் பார்த்துப் போடுங்கள்:

    | நாள் | வகுப்பு | கொண்டுவர வேண்டியவை |
    |---|------|------------|
    | சனி | தொடக்கநிலை 5 | பயிற்சி நூல், அகராதி, சென்ற வாரம் எழுதிய கட்டுரையின் திருத்திய படி |
    | ஞாயிறு | உயர்நிலை 2 | வாய்மொழித் தேர்வுக்கான படங்கள், குறிப்பேடு |

கோடுகள் 3, 6, 12. மொத்தம் 21. ஆக, முதல் நெடுவரிசைக்குப் பக்கத்தில் ஏழில் ஒரு பங்கு, இரண்டாவதற்கு ஏழில் இரண்டு, மூன்றாவதற்கு ஏழில் நான்கு. மூன்றுக்கும் மூன்று மூன்று கோடு போட்டிருந்தால் ‘சனி’ என்ற ஈரெழுத்துச் சொல்லுக்கும் கொண்டுவர வேண்டியவற்றுக்கும் ஒரே அகலம் கிடைத்திருக்கும்.

மிகக் குறுகிய நெடுவரிசையில் நீண்ட தமிழ்ச் சொல் விழுந்தால் அது பக்கத்துக் கட்டத்துக்குள் நீண்டுவிடும். ‘ஒருங்கிணைப்பாளர்களுக்கான’ போன்ற சொல் மடிய இடமில்லை. கோடுகளைக் கூட்டுங்கள், அல்லது சொல்லைச் சுருக்குங்கள். எழுத்தின் அளவைக் குறைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். விழா அரங்கில் அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவர்களில் மூத்தவர்களும் இருப்பார்கள்.

## 7. தலைப்பும் கோடுகளும்

அட்டவணைக்குப் பெயர் வைக்க, ஒரு வெற்று வரி விட்டு முக்காற்புள்ளியும் இடைவெளியும் இட்டுப் பெயரை எழுதினால் போதும். முதல் மாதிரியின் கடைசி வரி அதுதான்.

பிடிஎஃப்பில் பெயருக்கு முன்னால் ‘டேபிள் 1’ என்று ஆங்கிலத்தில் வரும். தமிழில் ‘அட்டவணை 1’ என்று வர, ஹெடர்-இன்க்ளூட்ஸ் பகுதியில் டேபிள்நேம் என்ற லாடெக் கட்டளையை ரீநியூகமாண்ட் கொண்டு மாற்றுங்கள். இதையும் டிஃபால்ட்ஸ் கோப்போடு சேர்த்து வைத்தால் ஒரு முறை செய்த வேலை எல்லா ஆவணத்துக்கும் உதவும்.

பிடிஎஃப்பில் மேலே ஒன்று, தலைப்பின்கீழ் ஒன்று, அடியில் ஒன்று என்று கிடைக்கோடுகள் மட்டும் வரும். செங்குத்துக் கோடு வராது. மூலத்தில் நெட்டைக்கோடு போட்டோமே என்று பலர் கேட்பார்கள். அந்தக் கோடு கட்டத்தைப் பிரிப்பதற்கு, அச்சிடுவதற்கு அல்ல. வலப்பக்கம் ஒட்டிய தொகைகளும் போதிய இடைவெளியும் இருந்தால் செங்குத்துக் கோடு இல்லாமலே தெளிவாகப் படிக்கலாம். விட்டுவிடுங்கள்.

அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனால் தலைப்பு வரி அங்கேயும் மறுபடி வரும். ஆனால் ஒரு வரிசை நடுவில் பிளவுபடாது. ஒரே கட்டத்தில் பத்து வரி வாசகத்தைத் திணித்தால் பக்கத்தின் அடியில் பெரிய வெற்றிடம் விழுவது அதனால்தான்.

குழுவில் சிலருக்கு வேர்டு கோப்பு வேண்டுமென்றால் வெளியீட்டுக் கோப்பின் பின்னொட்டை டாக்எக்ஸ் என்று மாற்றினால் போதும். அங்கே ஸீலாடெக் அமைப்புகள் எதுவும் செல்லாது. எழுத்துருவையும் அட்டவணைக் கோடுகளையும் மாற்ற, ஒரு ரெஃபரன்ஸ் கோப்பில் ‘டேபிள்’ என்ற பாணியைத் திருத்தி அதைப் பேண்டாக்கிடம் கொடுக்க வேண்டும்.

## 8. எக்செல்லில் ஏற்கெனவே இருக்கும் கணக்கு

பொருளாளரிடம் எக்செல் கோப்பு இருந்தால் மறுபடி தட்ட வேண்டியதில்லை. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்து, பேண்டாக்கிடம் அதைப் படிக்கச் சொல்லி, பைப் அட்டவணை தரும் ஜிஎஃப்எம் வகை மார்க்டவுனாக வெளியிடச் சொல்லலாம்.

சேமிக்கும்போது பட்டியலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். கோப்பை மூடிய பிறகு அதை மீட்கவும் முடியாது, மூல எக்செல்லுக்குத்தான் திரும்ப வேண்டும். இப்படி வந்த அட்டவணையில் முக்காற்புள்ளிகள் இருக்காது என்பதால், படி 4-இல் சொன்னபடி தொகை நெடுவரிசையை வலப்பக்கம் ஒட்டவையுங்கள்.

## 9. அச்சுக்கு அனுப்புமுன் பார்க்க வேண்டியவை

பிடிஎஃப்பில் வரிசைகளை எண்ணி, மூலக்கோப்பில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அடுத்து, கடைசி நெடுவரிசையை மேலிருந்து கீழாக ஒரு முறை படியுங்கள். படி 5-இல் சொன்ன சத்தமில்லாத வெட்டு நடந்திருந்தால் காலியான கட்டமோ, பொருந்தாத சொல்லோ அங்கே தெரியும்.

தொகைகளைக் கையில் கணிப்பான் வைத்து, மூலத்தைப் பார்க்காமல், அச்சுப்படியைப் பார்த்தே கூட்டுங்கள். மூலத்தில் சரியாக இருந்தது அச்சில் விடுபட்டிருந்தால் இதில்தான் பிடிபடும்.

டெர்மினலில் வந்த எச்சரிக்கைகளை மேலே நகர்த்திப் படியுங்கள். எழுத்துருவில் இல்லாத எழுத்து ஒன்றே ஒன்று இருந்தாலும் அங்கே பெயர் சொல்லி எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத குறிகளோ எமோஜியோ ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். அந்தப் பெயரை முழுதாக அழித்துவிட்டு விசைப்பலகையில் தட்டினால் எச்சரிக்கை போய்விடும்.